பெயர் கூப்பிடும் நாள்

சிப்பார் நகரத்தில் சூரியசாமி ஷமாஷின் கோயிலை ஒட்டிக் கன்னிமாடம் இருக்கிறதே, அதன் வாசல் காவல் என்னுடையது. என் அப்பாவும் இதே வாசலில்தான் நின்றார். உள்ளே ஒரு வெள்ளரிக்காய் போவதென்றாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் மாடத்துப் பெண்களைப் பற்றி எவனாவது மதுக்கடையில் உட்கார்ந்து கதை அளந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "சாமி வீட்டு மருமகளுங்க, அவங்களுக்கு என்னப்பா குறை?" என்பார்கள். என்ன குறை என்று எனக்குத் தெரியும். நரம்தானியைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்கும் தெரியும், ஆனால் குடித்தவன் எங்கே காது கொடுக்கிறான்.

நரம்தானி மாடத்தின் எழுத்தர். அவளுடைய அப்பா கோயிலில் எழுத்தராக இருந்தவர். மகன் ரேமேனிக்குக் களிமண்ணில் எழுதும் நாணலைப் பிடிக்கவே வரவில்லை, மகளுக்கு வந்தது. பிடித்த நாணலோடேயே அவளைக் கொண்டுவந்து மாடத்தில் விட்டார். சின்னப் பெண்ணாக ஷமாஷின் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு உள்ளே போனவள் தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். மதிலோரம் ஒரே அறை கொண்ட வீடு. நகக்கண்ணில் எப்போதும் களிமண். எழுதாத நேரத்தில் நாணலைக் கொண்டையில் செருகியிருப்பாள்.

விழா நாட்களில் மாடத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும் கோயிலுக்கு இறைச்சியும் மாவும் கொண்டுபோக வேண்டும். யார் கொண்டுவந்தாள், யார் கொண்டுவரவில்லை, யார் எலும்பை அடியில் வைத்துக் கொழுப்பை மேலே பரப்பினாள் என்றெல்லாம் ஈரக் களிமண்ணில் குத்திவைப்பது நரம்தானி வேலை. "ஒரு கூடை மாவுன்னு போட்டுக்கோம்மா" என்று கோயில் ஆள் சொன்னால் விடமாட்டாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற ஜாதி. அளந்து பார்த்தால் கூடை குறையாகத்தான் இருக்கும். அவள் எழுதும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "வாயை மூடு, களிமண்ணு காயுது" என்பாள். கோடையில் அது நிஜம்தான். பேச்சை முடிப்பதற்குள் பலகை கல்லாகிவிடும், பிறகு ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது.

ஆனால் அவள் அதிகம் எழுதியது மகள் பலகைகள். மாடத்துப் பெண்கள் பிள்ளை பெறக்கூடாது. அதனால் வயதானவள் ஓர் இளையவளை மகளாக எழுதிக்கொள்வாள். வீடும் நிலமும் இளையவளுக்கு. பெரியவள் இருக்கும்வரை அவளுக்கு பார்லியும் எண்ணெயும் கம்பளியும் கொடுக்க வேண்டும். அவள் போன பிறகு பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசி வரிக்காகத்தான் முன்னே உள்ள வரிகளெல்லாம். செத்தவர்கள் கீழே இருட்டில் இருக்கிறார்கள். அங்கே தின்னப் புழுதிதான். மேலே ஒருவர் பெயர் சொல்லி ஊற்றினால் தாகம் தீரும். ஊற்ற ஆளில்லாதவர்கள் தெருவில் கொட்டிய எச்சில் சோற்றுக்கு அலைய வேண்டும். இந்தப் பயம் இல்லாத மனிதனை நான் பார்த்ததில்லை. எனக்கு நாலு பிள்ளைகள் இருந்தும் பயம்தான்.

குளிர்கால விழாவில் முதல் நாள் புதுப் பெண்களுக்குக் கயிறு கட்டுவார்கள். மறுநாள் செத்தவர்களுக்கு. அன்று முற்றத்தில், கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் போக மண்ணில் இறக்கிய குழாயைச் சுற்றி எல்லாரும் கூடுவார்கள். மகளாக எழுதப்பட்டவள் தன் அம்மாவை, இன்னார் மகள் இன்னார் என்று கூப்பிட்டு, தன் குடத்திலிருந்து ஊற்றுவாள். யாரும் இல்லாத பெண்களின் பெயர்களைப் பட்டியல் பார்த்து எழுத்தர் படிப்பாள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பொதுக்குடம். அந்த நேரத்தில் உயிரோடிருப்பவர் பெயரை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அப்பா உயிரோடிருந்தால்கூட அவரைத் தாண்டித் தாத்தா பெயரைத்தான் சொல்ல வேண்டும். மீறிச் சொன்னால் கீழே இருப்பவர்கள் காதில் விழும். அப்படிக் கூப்பிடப்பட்டவர் அடுத்த விழாவுக்கு இருக்க மாட்டார்.

மாடத்துப் பெண்களுக்கெல்லாம் மகள் பலகை எழுதிய நரம்தானிக்கு மகள் இல்லை. காரணம் எளிது: கொடுக்க ஒன்றுமில்லை. அப்பா விட்டுப்போன நிலம் தம்பி ரேமேனி பெயரில். அறுவடைக்குப் பிறகு அவன் கழுதையில் அவள் பங்கை ஏற்றிக்கொண்டு வருவான். வருஷத்துக்கு வருஷம் கழுதைக்குச் சுமை குறைந்தது.

"என்னடா, போன தடவையைவிட மூட்டை இளைச்சுப் போச்சு?"

"வாய்க்கால்ல தண்ணி வரலக்கா."

"உன் தொப்பைக்கு மட்டும் எந்த வாய்க்கால்லடா வருது?"

நான் சிரித்துவிட்டேன். ரேமேனி என்னை முறைத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உன் கடைசிப் பொண்ணை எனக்கு எழுதிக் குடுடா. இங்க வந்து இருக்கக்கூட வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் போனா போதும்."

"கோவிச்சுக்காதக்கா. அவளுக்குக் குடுக்க உன்கிட்ட என்ன இருக்கு? நிலமும் என் பேர்லதான இருக்கு."

"தெரியும்டா. அந்தப் பலகையை அப்பா சொல்லச் சொல்ல எழுதினது நான்தான்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தம்பிக்குக் கேட்க வேண்டுமா? அவன் கழுதையைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் மூட்டையை அளந்து பார்த்து, யாரும் கேட்காமலேயே கணக்கில் குத்திவைத்தாள்.

ஆளில்லாத பெண்களின் பட்டியலை அவள் படிப்பதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்துவாள். அந்தப் பெண் மேலே திரும்பிப் பார்க்க நேரம் கொடுப்பதுபோல நிறுத்துவாள். மாடத்தின் மேலாளர் இலூனி தோளைக் குறுக்கிக்கொண்டு, "குளிருதும்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்பார். "அவங்களுக்கும்தான் குளிருது" என்பாள். ஒருமுறை வாசலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் போனா, எவளோ ஒருத்தி நடுங்கிக்கிட்டே என் பேரைப் பாதி முழுங்கிடுவா இத்தூரு. அதை நினைச்சா ராத்திரி தூக்கமே வரதில்லை." நான் வெளியே வெங்காயம் விற்கிறவனைக் கூப்பிட்டேன்.

அப்புறம்தான் லமாசி வந்தாள். படகுகளும் ஈச்சந்தோப்புகளும் வைத்திருக்கும் பெலானுவின் மகள். சொத்து வெளியே போகக்கூடாதென்று மகளைச் சாமிக்குக் கொடுப்பவர்களில் பெலானுவும் ஒருவர். அவர்களை எனக்கு ஆகவே ஆகாது. பெண்ணைப் பெற்ற அம்மா பிரசவத்திலேயே போய்விட்டாள். மற்றப் பெண்கள் என் வாசலில் அழுவார்கள். இவள் கதவைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது எந்தப் பக்கம் பூட்டும்? உள்ளயா, வெளியவா?"

"ரெண்டு பக்கமும்மா."

"அப்ப நீங்களும்தான் மாட்டிக்கிட்டீங்க!"

எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாத விஷயம். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தேன்.

வந்த மறுநாளே நரம்தானியிடம் போய், அப்பாவுக்குச் சேதி எழுதச் சொன்னாளாம். எழுத்தர் வழக்கப்படி, ஷமாஷ் உங்களை என்றும் காக்கட்டும் என்று ஆரம்பித்தாள். "அதை எடுங்க, காக்க வேணாம்" என்றாளாம் இவள். "அதில்லாம எந்தச் சேதியும் ஆரம்பிக்காதுடி." "அப்ப கொஞ்ச நாளைக்குக் காக்கட்டும்னு போடுங்க." இதைச் சொல்லும்போது நரம்தானிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று உடைந்திருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெலானுவிடமிருந்து பதில் வரவில்லை. மறுபடி எழுதினார்கள், மறுபடி வரவில்லை. எழுதப் போன பெண் அங்கேயே சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கென்று வேலைக்காரிகளும் பெரிய வீடும் உள்ளே இருந்தன. ஆனாலும் பொழுது சாய்ந்தால் மதிலோர வீட்டில் பூண்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள். எழுத்தெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை. "எனக்கு வேணாம்பா, நகமெல்லாம் மண்ணு" என்பாள். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். களிமண் காய்கிறதென்று அவளை யாரும் அதட்டவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஒருநாள் இருவரும் மீன் வாங்க வாசலுக்கு வந்தார்கள்.

"இத்தூரண்ணே, சாட்சிக்கு வருவீங்களா? இந்தம்மா என்னை மகளா எழுதிக்கப் போறாங்க" என்றாள் லமாசி.

நரம்தானி திடுக்கிட்டாள். "நான் எப்போ சொன்னேன்?"

"நீங்க சொல்லவே மாட்டீங்க. அதான் நான் சொல்றேன்."

"பைத்தியக்காரி. உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லடி."

"எங்கப்பா எல்லாந்தான் குடுத்துட்டாரே. தோப்பு குடுத்தாரு, வளையல் குடுத்தாரு, கட்டில் நாற்காலி எல்லாம் குடுத்தாரு. அம்மாவைத்தான் குடுக்கல."

நரம்தானி குனிந்து கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்தாள். அதன் செவுளைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். அந்த மீனில் பார்க்க ஒன்றுமில்லை. மீன்காரி வாயைத் திறக்கப் போனாள், நான் கையைக் காட்டி அடக்கினேன்.

தன் பலகையைத் தானே எழுதக்கூடாது என்பதால் கோயிலிலிருந்து ஒரு எழுத்தரை வரவழைத்தார்கள். நான், இலூனி, இன்னும் சிலர் சாட்சி. நரம்தானி அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்தக் கோடு ஆழமாப் பதியல", "ஓரம் காயுது பாருங்க" என்று அந்த மனிதரை ஒரு வழி பண்ணிவிட்டாள். வரிகளைப் படித்தார்கள். பார்லி, எண்ணெய், கம்பளி. நரம்தானி தன் விதிக்குப் போன பின் லமாசி அவள் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவாள். அதைக் கேட்டதும் நரம்தானி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வரி சேக்கணும்" என்றாள் லமாசி. "நான் முன்னாடி போயிட்டா அம்மா எனக்கு ஊத்தணும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"மூத்தது முன்னால, இளையது பின்னால. அதாம்மா வரிசை" என்றார் இலூனி.

"வரிசையில எல்லாரும் ஒழுங்காவா நிக்கறாங்க? எழுதுங்களேன், என்ன குறைஞ்சுபோச்சு?"

கோயில் எழுத்தர் நாணலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நரம்தானியைப் பார்த்தார். அவள் நினைத்திருந்தால் ஒரு தலையசைப்பில் முடிந்திருக்கும். ஆனால் எத்தனையோ பலகைகள் நீதிபதிகள் முன்னால் உடைந்ததைப் பார்த்தவள் அவள். இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த பலகை. அதில் ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதென்று பயந்தாள்.

"எந்தப் பலகையிலயும் இல்லாத வரி அது. அதைப் போட்டா இதுவே செல்லாதுன்னு ஒருத்தன் கிளம்புவான். சும்மா இருடி, அபசகுனமா பேசிக்கிட்டு."

லமாசி உதட்டைப் பிதுக்கினாள். முத்திரையாகத் தன் ஆடை விளிம்பை ஈரக் களிமண்ணில் அழுத்தினாள். மேலே இன்னொரு களிமண் உறை போட்டு மூடி, அதே வரிகளை உறையின் மேலும் குத்தினார்கள். எங்களுக்கெல்லாம் ஆட்டுக்கறியும் மதுவும் கிடைத்தது.

அந்த வருஷம் நரம்தானி நடந்த நடையே வேறு. மதிலோர வீட்டுச் சிரிப்பு என் வாசல்வரை கேட்கும். "அம்மா" என்று உள்ளிருந்து ஒரு கூப்பாடு வரும், உடனே "என்னடி" என்று பதில் வரும். மாடத்துக்குள் அந்தச் சொல் ரொம்ப அபூர்வம்.

கோடையில் வாய்க்கால் வற்றி நாற்றமெடுத்தது. மாடத்தில் காய்ச்சல் பரவியது. கிழவிகளெல்லாம் பிழைத்தார்கள், லமாசி விழுந்தாள். நரம்தானி வாசலுக்கு ஓடிவந்து, "ஆத்துத் தண்ணி வேணும் இத்தூரு, வாய்க்கால் தண்ணி வேணாம், ஆத்துத் தண்ணி" என்றாள். கொண்டையில் நாணல் இல்லை, கொண்டையே இல்லை. நானே கழுதையை ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது உள்ளே பெண்களின் அழுகை கேட்டது. தோல்பைத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

பெலானு அடக்கத்துக்கு வரவில்லை. அவருடைய கணக்கன்தான் பிறகு வந்தான், வளையலையும் கட்டிலையும் எடுத்துப்போக.

"தண்ணி ஊத்துறது?" என்று கேட்டேன்.

"அவங்க ஷமாஷ் வீட்டுக்குப் போனவங்க. அது கோயில் பாடுன்னு ஐயா சொல்லச் சொன்னாரு."

"உங்க ஐயாவுக்குப் படகு கவுந்து நடு ஆத்துல தாகம் எடுக்கட்டும்" என்றேன். காவல்காரன் பேசக்கூடாத பேச்சு, பேசிவிட்டேன்.

நரம்தானி இலூனியிடம் போனாள். விழாவில் லமாசிக்குத் தனிக் குடம் வைத்து, தாயாகத் தானே ஊற்ற வேண்டும் என்று கேட்டாள். இலூனி கெட்ட மனிதர் இல்லை. பலகையை வரவழைத்து உறையின் மேல் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார்.

"சின்னவ பெரியவளுக்கு ஊத்தணும்னு இருக்கும்மா. பெரியவ சின்னவளுக்குன்னு இல்லையே. வரி இல்லைன்னா உரிமை இல்லைன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க? ஆளில்லாதவங்க பட்டியல்ல சேத்துடுங்க. பொதுக்குடத்துல அந்தப் பொண்ணுக்கும் ஒரு வாய் போகும்."

அன்று என் வாசல் பக்கம் வந்தவளைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"அம்மா, களிமண்ணும் உங்க கையில, நாணலும் உங்க கையில. அந்தப் பலகையைத் தொட்டியில ஊறப்போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எழுதுங்க. சாட்சிக்கு நான் இருக்கேன். எந்த வரி இருந்துச்சு, எந்த வரி இல்லைன்னு எவனுக்கு ஞாபகம்?"

"எனக்கு ஞாபகம் இருக்கே இத்தூரு. வேணாம்னு சொன்னதே நான்தானே."

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. விழா இறைச்சிக்கு வழக்கம்போலக் கணக்கு எழுதினாள், மாவை அளந்தாள். மதிலோர வீட்டில் சில நாள் புகை வரும், சில நாள் வராது. பூண்டு வாசனை வரவே இல்லை. அவளுக்கு ஊற்ற இருந்த ஒரே ஆளும் போய்விட்டது என்று மாடத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் அழுதது அதற்காக இல்லை. உள்ளே நுழைந்த அன்றைக்கே கதவு எந்தப் பக்கம் பூட்டும் என்று கேட்ட பெண், கூட்டத்தில் ஒருத்தியாக, பாதிப் பெயரோடு கீழே நிற்பாளே என்றுதான் அழுதாள். தன்னைப் பற்றிப் பயந்ததையெல்லாம் இப்போது லமாசிக்காகப் பயந்தாள். அது பத்து மடங்கு மோசம்.

விழாவின் இரண்டாம் நாள் காலை பனி விழுந்துகொண்டிருந்தது. அன்று வாசலைச் சாத்துவதில்லை. நான் நிலையில் சாய்ந்து நின்று முற்றத்தைப் பார்த்தேன். மகள்கள் ஒவ்வொருவராக வந்து கூப்பிட்டு ஊற்றிவிட்டு ஒதுங்கினார்கள். பிறகு நரம்தானி பட்டியலை எடுத்தாள். பெயருக்குப் பெயர் நிறுத்தினாள். இலூனி கையைத் தேய்த்துக்கொண்டார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. பொதுக்குடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது.

கடைசிப் பெயர் லமாசியுடையது. பெலானு உயிரோடு இருப்பதால், 'இப்கூவின் பேத்தி லமாசி' என்று தாத்தா பெயரோடு பலகையில் எழுதியிருந்தாள், விதிப்படி. அங்கே வந்ததும் நின்றாள். பலகையைக் கீழே வைத்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிறு சொம்பை எடுத்தாள். அதை அவள் உள்ளே மறைத்துக் கொண்டுவந்தது யாருக்கும் தெரியாது.

"நரம்தானியின் மகள் லமாசி!"

எழுதும்போது அதட்டுவாளே, அந்தக் குரல். மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நேற்றுக் கயிறு கட்டிய சிறுமியை ஒருத்தி இழுத்துத் தன் பின்னால் மறைத்தாள். இலூனி இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார். அவள் பெயரைச் சொல்லித் தடுக்கவும் முடியாது, அந்த நேரத்தில் அதை யாரும் சொல்லக்கூடாதே. அவள் மறுபடியும் கூப்பிட்டாள், இன்னும் உரக்க. சொம்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குழாயில் ஊற்றினாள். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து வந்தாள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள், கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

நேராக என்னிடம்தான் வந்தாள். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? உசிரோட இருக்கும்போதே உங்க பேரை நீங்களே கூப்பிட்டுட்டீங்களே! கீழ இருக்கறவங்க காதுல விழுந்திருக்காதா?"

"விழணும்னுதான் கத்தினேன். அவளுக்கு ஒரு அம்மா இருக்கான்னு அங்க எல்லாருக்கும் தெரியட்டும்."

திறந்த வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.

"என் பேரை அந்த இடத்துல யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு காலம்பூரா ஏங்கிக்கிட்டுக் கிடந்தேன் இத்தூரு," என்றாள். "கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."